எழுத்துக்கு என்ன விலை என்று முதலிலேயே சொல்லுங்கள்

தமிழில் எழுதிச் சம்பாதிக்க முடியுமா என்று கேட்டு எனக்கு அடிக்கடி கடிதங்கள் வருகின்றன. கல்லூரி முடித்துவிட்டு வேலை தேடுகிற பெண்கள் எழுதுகிறார்கள். குழந்தை பள்ளிக்குப் போகத் தொடங்கியதும் பகலில் கொஞ்சம் நேரம் கிடைத்த தாய்மார்கள் எழுதுகிறார்கள். ஓய்வுபெற்ற ஆசிரியர்களும் உண்டு. எல்லோருக்கும் என் பதில் ஒன்றுதான்: முடியும். திருச்சி உறையூரில் இருந்துகொண்டு, எந்தப் பத்திரிகையிலும் வேலைக்குச் சேராமல், கட்டுரையிலும் மொழிபெயர்ப்பிலும் வரும் பணத்தில் வீட்டு வாடகையும் மகளின் கல்லூரிக் கட்டணமும் கட்டிக்கொண்டிருக்கிறேன்.

எழுத இடமில்லை என்று சொல்வதை நான் ஏற்பதில்லை. வார இதழ்கள், மாத இதழ்கள், நாளிதழ்களின் இணைப்பிதழ்கள், செய்தித் தளங்கள், வானொலி, ஒலித்தொடர் செயலிகள் என்று இடம் நிறையவே இருக்கிறது. இல்லாதது ஒன்றுதான். இந்தக் கட்டுரைக்கு இவ்வளவு தருவோம், இந்தத் தேதிக்குள் தருவோம் என்று முன்கூட்டியே சொல்லும் பழக்கம் இல்லை. எழுதுபவர் கேட்பதில்லை, வெளியிடுபவர் சொல்வதில்லை. கட்டுரை வெளியாகி, வாரங்கள் கழிந்து, வங்கியிலிருந்து குறுஞ்செய்தி வரும்போதுதான் தன் உழைப்பின் விலை என்னவென்று எழுதியவருக்கே தெரிகிறது. சில நேரம் அந்தக் குறுஞ்செய்தி வருவதே இல்லை.

வெளியாரிடம் கட்டுரை கேட்டு வாங்கும் ஒவ்வொரு இதழும் தளமும் தன் சன்மானத் தொகையை வெளிப்படையாக அறிவிக்க வேண்டும். எழுதுகிறவர்களும் அதைக் கூச்சமில்லாமல் கேட்க வேண்டும். நான் சொல்ல வந்தது இதைத்தான்.

ஒரு கட்டுரையின் அடக்கம்

மணப்பாறை முறுக்குக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதையொட்டி ஒரு கட்டுரை எழுத அங்கே போனேன். அந்த முறுக்கை இரண்டு தடவை பொரிப்பார்கள். முதலில் அரைவேக்காடாக எடுத்து ஆறவிட்டு, பிறகு மறுபடியும் எண்ணெயில் போடுவார்கள். கரகரப்பு அங்கிருந்து வருகிறது. ஊர்த் தண்ணீரின் லேசான உப்புச் சுவையும் ஒரு காரணம் என்று முறுக்கு சுடுகிறவர்கள் சொல்கிறார்கள். வீட்டில் உட்கார்ந்துகொண்டு இதையெல்லாம் எழுத முடியாது. அடுப்பு பற்றவைக்கும் நேரத்துக்குப் போய்ச் சேர வேண்டும். சூட்டில் நின்று பார்க்க வேண்டும். மாவு பிசைபவர், பிழிபவர், கட்டுக் கட்டாகச் சுமந்துபோய் விற்பவர் என்று ஒவ்வொருவரிடமும் பேச வேண்டும். அவர்களுக்குக் கை ஒழியும்போதுதான் பேச்சுக்கு ஆள் கிடைக்கும்.

அங்கே ஒரு வயதான அம்மா, எண்ணெய்ச் சட்டியிலிருந்து கண்ணை எடுக்காமலே என்னிடம் கேட்டார்: "காலையிலேருந்து உக்காந்திருக்கியே, இதை எழுதினா உனக்கு என்னம்மா குடுப்பாங்க?"

"பத்திரிகையில வந்த பிறகுதாம்மா தெரியும்" என்றேன்.

"வந்த பொறவா?" என்று திரும்பிப் பார்த்தார். அதற்குமேல் அவர் ஒன்றும் கேட்கவில்லை.

ஒரு கட்டுரை என்பது வாசகர் படிக்கும் அந்த ஒரு பக்கம் மட்டுமல்ல. போக்குவரத்துச் செலவு, ஒரு முழுப் பகல், படம் எடுக்கிற வேலை, சொன்னதெல்லாம் சரியா என்று திரும்பத் திரும்பச் செய்யும் தொலைபேசி அழைப்புகள், எழுதி அடித்துத் திருத்தும் இரவுகள், ஆசிரியர் குழு கேட்கும் திருத்தங்கள் என எல்லாம் சேர்ந்ததுதான் அதன் அடக்கம். கிடைக்கப்போகும் தொகை முன்பே தெரிந்தால், இந்தப் பயணத்துக்கு அது கட்டுமா என்று எழுதுபவர் கணக்குப் போடலாம். கட்டாது என்றால், தொலைபேசியில் பேசியே எழுதக்கூடிய வேறொரு பொருளைத் தேர்ந்தெடுக்கலாம். தொகை தெரியாதபோது அந்தக் கணக்குக்கே வழியில்லை.

விலை சொல்வது நமக்குப் புதிதல்ல

பணத்தைப் பற்றிப் பேசுவது தமிழ்ப் பத்திரிகை மரபுக்கு ஒவ்வாது என்று சிலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. எந்த வார இதழையும் புரட்டிப் பாருங்கள். வாசகர்கள் எழுதி அனுப்பும் சமையல் குறிப்புக்கும் நகைச்சுவைத் துணுக்குக்கும் எவ்வளவு பரிசு என்பதை அந்தப் பகுதியின் அருகிலேயே அச்சிடுவார்கள். சிறுகதைப் போட்டி அறிவித்தால் முதல் பரிசு எவ்வளவு, இரண்டாம் பரிசு எவ்வளவு, கடைசித் தேதி எது, முடிவு எந்த இதழில் வரும் என்று எல்லாமே அறிவிப்பில் இருக்கும். நாலு வரித் துணுக்குக்கு விலை சொல்கிற நாம், நாலு பக்கக் கட்டுரைக்கு மட்டும் ஏன் சொல்வதில்லை?

வானொலி இதைவிட முறையாக நடந்துகொள்கிறது. திருச்சி வானொலி நிலையம் 1939 மே மாதத்தில் தொடங்கியது. அங்கே உரை நிகழ்த்த அழைத்தால், பேசுவதற்கு முன்பே ஒப்பந்தப் படிவம் வந்துவிடும். தலைப்பு என்ன, எத்தனை நிமிடம், ஒலிப்பதிவு என்றைக்கு, கட்டணம் எவ்வளவு என்பதெல்லாம் அதில் இருக்கும். கையெழுத்திட்டுக் கொடுத்த பிறகுதான் ஒலிவாங்கிக்கு முன்னால் உட்காருவோம். தொகை பெரியதாக இருக்காது. ஆனாலும் ஒரு அரசு நிறுவனம், ஒரு கிராமத்து விவசாயியோடும் பெரிய பேராசிரியரோடும் ஒரே மாதிரித் தாளில் ஒப்பந்தம் போட்டுக்கொள்கிறது. ஒரு வானொலி நிலையத்தால் முடிவது ஒரு வார இதழாலும் முடியும். ஒரு செய்தித் தளத்துக்கு அது இன்னும் எளிது. ஒரு மின்னஞ்சல் போதும்.

என் அப்பா தறி நெய்தவர். சேலை ஒன்றுக்குக் கூலி எவ்வளவு என்பது, தறியில் பாவு ஏற்றும் முன்பே எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். கூலி குறைவாக இருந்த வருடங்கள் உண்டு. அதற்காகச் சங்கத்தில் போய்ச் சண்டை போட்ட வருடங்களும் உண்டு. சண்டை போட ஒரு தொகை முன்னால் இருந்தது. எழுதுகிறவர்களுக்கு அதுவும் இல்லை.

கூச்சம் எங்கிருந்து வந்தது

தமிழ் எழுத்தாளர்களில் பெரும்பாலோர் வேறொரு வேலையில் இருந்துகொண்டே எழுதினார்கள். சுஜாதா பெங்களூரில் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தில் பொறியாளராக இருந்தார். ஜெயமோகன் தொலைபேசித் துறையில் பணியாற்றினார். எழுத்தை மட்டுமே நம்பி வாழ முயன்றவர்கள் பட்ட பாட்டை நாம் அறிவோம். புதுமைப்பித்தன் பத்திரிகை வேலை, சினிமா என்று மாறி மாறி உழைத்தும் 1948-இல் 42 வயதில் காசநோயால் இறந்தார். அவர் குடும்பத்துக்காக நிதி திரட்ட வேண்டியிருந்தது. அசோகமித்திரன் 1966-இல் ஜெமினி ஸ்டுடியோ வேலையை விட்ட பிறகு முழுநேர எழுத்தாளராக எத்தனை நெருக்கடியில் வாழ்ந்தார் என்பதை அவர் வாசகர்கள் எல்லோரும் அறிவார்கள்.

இந்த வரலாற்றிலிருந்து நாம் தவறான பாடத்தை எடுத்துக்கொண்டோம். நல்ல எழுத்துக்குப் பணம் வராது, பணத்தைப் பற்றிப் பேசுபவர் நல்ல எழுத்தாளராக இருக்க முடியாது என்று நம்பத் தொடங்கினோம். ஆனால் இதே தமிழ்நாட்டில்தான் ராணிமுத்து, மாலைமதி, பாக்கெட் நாவல் எல்லாம் பேருந்து நிலையக் கடைகளில் தொங்கின. கோவையில் இருந்துகொண்டு ராஜேஷ்குமார் ஆயிரத்துக்கும் மேற்பட்ட நாவல்களை எழுதினார். எழுத்து ஒரு தொழிலாகவும் இருக்கலாம் என்பதை அந்த மாத நாவல்கள் நிரூபித்தன. அவற்றின் இலக்கியத் தரத்தைப் பற்றி யார் என்ன சொன்னாலும் இது மாறாது.

சிற்றிதழ்களை நான் இதில் சேர்க்கவில்லை. சி.சு. செல்லப்பா 1959-இல் 'எழுத்து' இதழைத் தொடங்கிக் கைக்காசைப் போட்டு நடத்தினார். இன்றும் பல இலக்கிய இணைய இதழ்களை நண்பர்கள் சிலர் சேர்ந்து, தங்கள் சம்பளத்திலிருந்து செலவழித்து நடத்துகிறார்கள். அங்கே யாருக்கும் லாபம் கிடையாது. ஆசிரியரும் இலவசமாகவே உழைக்கிறார். அவர்களுக்கு நானும் சன்மானம் எதிர்பார்க்காமல் எழுதுகிறேன், இனியும் எழுதுவேன். நான் கேட்பது, சந்தாவும் விளம்பரமும் வாங்கி, சம்பளம் பெறும் ஊழியர்களை வைத்துக்கொண்டு நடத்தப்படும் நிறுவனங்களை. அச்சகத்துக்கும் காகிதத்துக்கும் சர்வருக்கும் மின்சாரத்துக்கும் பணம் தருகிறவர்கள், எழுதியவருக்கு மட்டும் "இப்போதைக்கு பட்ஜெட் இல்லை" என்று சொல்வதை ஏற்க முடியாது.

எழுதாமல் போகிறவர்கள்

இது பணத்தோடு முடிகிற விஷயமும் இல்லை. சன்மானம் நிச்சயமில்லாத இடத்தில் யார் தொடர்ந்து எழுத முடியும்? வீட்டில் இன்னொருவர் சம்பளம் வாங்குகிறவரும், ஓய்வூதியம் வருகிறவரும், நிலமோ வாடகையோ வருகிற குடும்பத்தில் பிறந்தவரும் எழுதலாம். தினக்கூலிக் குடும்பத்திலிருந்து முதல் பட்டதாரியாக வந்த பெண், எவ்வளவு நன்றாக எழுதினாலும், மூன்றாவது கட்டுரையோடு நிறுத்திக்கொள்வாள். அவளுக்குத் துணிக்கடை வேலையில் மாதச் சம்பளம் நிச்சயம்.

அவள் நிறுத்தியதால் அவள் தெருவின் கதை அச்சுக்கு வராமல் போகிறது. துப்புரவுத் தொழிலாளியின் மகன் தன் அப்பாவின் வேலையைப் பற்றி எழுதினால் எப்படி இருக்கும், செங்கல் சூளையில் வளர்ந்த பெண் அதைப் பற்றி எழுதினால் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். அவர்களைப் பற்றி மற்றவர்கள் எழுதிய கட்டுரைகள் நம்மிடம் நிறைய உண்டு. அவர்களே எழுதியவை குறைவு. எழுத்துக்கு நியாயமான, நிச்சயமான கூலி கொடுக்காத வரை அந்தக் குறை தீராது. சன்மானத்தை நான் தாட்சண்யமில்லாமல் கேட்பதற்கு இதுதான் முதல் காரணம்.

எங்கே, எப்போது, எப்படிக் கேட்பது

புதிதாக எழுத வருகிறவர்களுக்கு என் அனுபவத்தில் சில யோசனைகள்.

எந்த இதழுக்கு எழுத விரும்புகிறீர்களோ, அதன் பழைய இதழ்களை முதலில் படியுங்கள். ஊழியர்கள் எழுதும் பகுதிகள் எவை, வெளியார் பெயர் வரும் பகுதிகள் எவை என்று குறித்துக்கொள்ளுங்கள். வேளாண்மை, மருத்துவம், ஆன்மிகம், சிறுவர் பகுதி, மகளிர் பக்கம், பயணம் ஆகியவற்றில்தான் வெளியாருக்கு இடம் அதிகம். அரசியல் கட்டுரைகளுக்கும் சினிமாவுக்கும் பெரும்பாலும் உள்ளேயே ஆள் இருப்பார்கள்.

இதழ்கள் நாட்காட்டியைப் பார்த்து இயங்குகின்றன. நீங்கள் அதற்கும் முன்னால் இருக்க வேண்டும். மேட்டூர் அணையை ஜூன் 12-இல் திறப்பது வழக்கம். குறுவை பற்றிக் கட்டுரை எழுத நினைத்தால் மே மாதத்திலேயே கேட்டுவிட வேண்டும். 2024-இல் தண்ணீர் இல்லாமல் ஜூலை கடைசியில்தான் அணையைத் திறந்தார்கள். அப்போதும் எழுத விஷயம் இருந்தது, காத்திருந்த விவசாயிகளிடம். ஆடிப்பெருக்குக் கட்டுரையை ஆடி பிறந்த பிறகு கேட்டால் யாரும் வாங்க மாட்டார்கள். தீபாவளி மலர்களின் வேலை ஆடியிலேயே தொடங்கிவிடும். பொங்கலுக்கான யோசனையைக் கார்த்திகையில் அனுப்புங்கள்.

கடிதம் சுருக்கமாக இருக்கட்டும். "எனக்கு எழுத ஆர்வம் உண்டு, வாய்ப்புத் தாருங்கள்" என்று எழுதினால் பொறுப்பாசிரியரால் ஒன்றும் செய்ய முடியாது. எந்த விஷயம், அதில் புதிது என்ன, யார் யாரிடம் பேசப் போகிறீர்கள், படம் உண்டா, எத்தனை சொல், எந்தத் தேதிக்குள் தருவீர்கள் என்று பத்து வரியில் எழுதுங்கள். கடைசி வரியாக இதைச் சேருங்கள்: "இதற்கான சன்மானத் தொகையையும், அது கிடைக்கும் காலத்தையும் தெரிவிக்க வேண்டுகிறேன்." மரியாதையான, சாதாரணமான வரி அது. அதைப் பார்த்துக் கோபித்துக்கொண்ட ஆசிரியரை நான் இதுவரை சந்தித்ததில்லை. பதில் சொல்லாமல் விட்டவர்கள் உண்டு. அவர்களுக்கு எழுதுவதற்கு முன் நான் யோசிக்கிறேன்.

இரு மொழி தெரிந்தவர்களுக்கு வாசல் இன்னும் அகலம். ஊரகச் செய்திகளுக்கான பாரி தளம், சுற்றுச்சூழலுக்கான மோங்காபே இந்தியா, கேரவன் இதழ் ஆகியவை வெளியார் எப்படிக் கட்டுரை யோசனை அனுப்ப வேண்டும் என்பதைத் தங்கள் தளத்திலேயே எழுதி வைத்திருக்கின்றன. தமிழ் இதழ்களும் இப்படி ஒரு பக்கம் வைத்தால் புதியவர்கள் எவ்வளவு தைரியமாக வருவார்கள்!

இணையம் வேறு வழிகளையும் திறந்துவிட்டது. அமேசானின் கிண்டிலில் 2016 இறுதியிலிருந்து தமிழ் நூல்களை எழுதியவரே வெளியிட முடிகிறது. 2018-இல் கூகுள் ஆட்சென்ஸ் தமிழ் தளங்களுக்கும் வந்தது. 2014-இல் தொடங்கிய பிரதிலிபி போன்ற தளங்களில் தொடர்கதை எழுதி, வாசகர் சந்தாவில் பங்கு பெறுகிறவர்கள் இருக்கிறார்கள். இந்த இடங்களில் ஒரு நல்ல அம்சம், எழுதியவருக்கு எத்தனை பங்கு என்பது விதிமுறையில் எழுதியிருக்கும். அதைப் படித்துவிட்டுச் சேரலாம், வேண்டாம் என்றால் விலகலாம்.

பெயர் வராத வேலைகளையும் தாழ்வாக நினைக்காதீர்கள். தொண்டு நிறுவனத்தின் ஆண்டறிக்கை, மருத்துவமனையின் நோயாளர் கையேடு, ஆவணப்படத்துக்குத் தமிழ் வசனவரி, கோயில் குடமுழுக்கு மலர், ஒரு குடும்பத்துப் பெரியவரின் சதாபிஷேகத்துக்காக அவர் வாழ்க்கையைக் கேட்டு எழுதிக் கொடுக்கும் புத்தகம் என்று எத்தனையோ உண்டு. பத்திரிகைக் கட்டுரைகளைவிட இவற்றில்தான் எனக்குச் சீராகப் பணம் வருகிறது. மணப்பாறைக்கு நான் போக முடிவதே இந்த வேலைகளால்தான்.

உரிமை உங்களுடையது

தமிழ் இதழ்களுக்குக் கதை அனுப்பும்போது ஓர் உறுதிமொழி கேட்பார்கள்: இது என் சொந்தப் படைப்பு, தழுவலோ மொழிபெயர்ப்போ அல்ல, வேறெங்கும் வெளியானதில்லை. நாமும் கையெழுத்திட்டு அனுப்புகிறோம். நியாயமான கோரிக்கைதான். அதே நேரத்தில் சட்டம் நமக்கு என்ன தருகிறது என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும்.

1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, ஊழியராக இல்லாமல் வெளியிலிருந்து எழுதுகிறவரே தன் எழுத்தின் முதல் உரிமையாளர். உரிமையை இன்னொருவருக்கு மாற்றிக் கொடுப்பது எழுத்தில், உரியவரின் கையெழுத்தோடு இருந்தால்தான் செல்லும். அந்த ஒப்பந்தத்தில் காலம் குறிப்பிடவில்லை என்றால் 5 ஆண்டு என்றும், இடம் குறிப்பிடவில்லை என்றால் இந்தியாவுக்குள் என்றும் சட்டம் எடுத்துக்கொள்ளும். எழுதியவர் நான்தான் என்று உரிமை கொண்டாடும் தகுதி, உரிமையை விற்ற பிறகும் எழுதியவரை விட்டுப் போகாது.

ஆகவே ஒரு கட்டுரையை ஓர் இதழுக்குக் கொடுத்தால் அது அந்த இதழில் ஒருமுறை வெளியாவதற்குத்தான் என்று மின்னஞ்சலிலேயே எழுதிவிடுங்கள். அவர்கள் அதைப் பின்னால் புத்தகமாகத் தொகுத்தாலோ, ஒலிவடிவில் விற்றாலோ, தனியாகப் பேசிக்கொள்ளலாம். முறுக்குக் கட்டுரைக்காக நான் திரட்டிய செய்திகள் பிறகு ஒரு வானொலி உரைக்கும், ஓர் ஆங்கிலக் கட்டுரைக்கும் உதவின. ஒரே பயணத்தின் செலவை இப்படித்தான் ஈடுகட்ட முடிகிறது. எல்லா உரிமையும் எங்களுக்கே என்று நீளமான படிவம் வந்தால், முழுதும் படியுங்கள். ஒப்புக்கொள்ள முடியாத வரியை அடித்துத் திருப்பி அனுப்புங்கள். திருத்திக் கொடுத்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

பில்லும் 45 நாளும்

கட்டுரை வெளியானதும் பில் அனுப்புங்கள். தேதி, வரிசை எண், தலைப்பு, வெளியான நாள், பேசிய தொகை, பான் எண், வங்கிக் கணக்கு, ஐஎஃப்எஸ்சி எண் இருந்தால் போதும். கணக்குப் பிரிவில் இருப்பவருக்கு உங்கள் எழுத்து நடையில் அக்கறை கிடையாது. அவர் மேசைக்கு ஒரு தாள் போக வேண்டும். டிடிஎஸ் பிடித்தால், வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்து திரும்பப் பெற முடியுமா என்று பாருங்கள். குறைந்த வருமானக்காரர்கள் பலர் இந்தப் பணத்தை விட்டுவிடுகிறார்கள்.

2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டம் நமக்கும் உதவும் என்பது எழுத்தாளர்கள் பலருக்குத் தெரியாது. எழுத்து, மொழிபெயர்ப்பு போன்ற சேவையைத் தனி ஆளாகச் செய்கிறவர்களும் அரசின் உத்யம் தளத்தில் குறுந்தொழிலாகப் பதிந்துகொள்ளலாம். ஆதாரும் பான் எண்ணும் வேண்டும், கட்டணம் இல்லை. அப்படிப் பதிந்தவருக்குத் தரவேண்டிய பணத்தை, ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருந்தாலும், 45 நாளுக்குள் கொடுத்தாக வேண்டும். ஒப்பந்தமே இல்லை என்றால் 15 நாள். தவறினால் ரிசர்வ் வங்கியின் வட்டி விகிதத்தைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி. புகாரை அரசின் இணையதளத்தில் பதியலாம். 2023-இன் நிதிச் சட்டம் இன்னொரு பிடியையும் சேர்த்தது: இந்தக் கெடுவைத் தாண்டிய பாக்கியை, கொடுத்து முடிக்கும் வரை, வாங்கிய நிறுவனம் தன் வருமான வரிக் கணக்கில் செலவாகக் காட்ட முடியாது. என் பில்லின் அடியில் உத்யம் எண்ணைப் போடத் தொடங்கியதிலிருந்து, நிலுவைக்காக நான் செய்யும் அழைப்புகள் வெகுவாகக் குறைந்துவிட்டன.

வேறு நாடுகள் இன்னும் முன்னே போயிருக்கின்றன. நியூயார்க் நகரில் 2017 முதல் நடைமுறையில் இருக்கும் சட்டப்படி, 800 டாலரோ அதற்கு மேலோ மதிப்புள்ள வேலையைத் தனி ஆளிடம் கொடுத்தால் எழுத்து ஒப்பந்தம் கட்டாயம். பணம் தரும் தேதி குறிக்கவில்லை என்றால் வேலை முடிந்த 30 நாளுக்குள் தர வேண்டும். பத்திரிகை ஊழியர்களுக்கென்று 1955-இலேயே தனிச் சட்டம் கொண்டுவந்த நாடு நம்முடையது. அதன் நிழல் வெளியிலிருந்து எழுதுகிறவர் மீது விழவே இல்லை.

விலகி நில்லுங்கள்

எழுதும் ஆசையை வைத்துப் பணம் பறிக்கிறவர்களும் பெருகிவிட்டார்கள். உலக சாதனைக் கவிதைத் தொகுப்பு என்பார்கள். பக்கத்துக்கு இவ்வளவு என்று கட்டினால் உங்கள் கவிதையும் புகைப்படமும் வரும், சான்றிதழும் கேடயமும் உண்டு என்பார்கள். அந்தப் புத்தகத்தை, அதில் எழுதியவர்களைத் தவிர யாரும் வாங்குவதில்லை. வீட்டிலிருந்தே தட்டச்சு வேலை, முன்பணம் கட்டுங்கள் என்று வரும் விளம்பரங்கள் முழுக்க மோசடி. ஏமாந்தவர்கள் உடனே 1930 என்ற எண்ணில் புகார் செய்ய வேண்டும். எழுதுகிறவர் பணம் கட்ட வேண்டும் என்று எங்கே கேட்டாலும் திரும்பி வந்துவிடுங்கள்.

மாதிரிக் கட்டுரை என்ற பெயரில் முழுக் கட்டுரையை இலவசமாக எழுதி வாங்கும் நிறுவனங்களும் உண்டு. ஏற்கெனவே வெளியான உங்கள் கட்டுரையை மாதிரியாக அனுப்புங்கள். புதிதாக எழுதச் சொன்னால் கூலி கேளுங்கள். இப்போது ஒரு புதிய பேரம் தொடங்கியிருக்கிறது. இயந்திரம் எழுதிய அல்லது மொழிபெயர்த்த கட்டுரையை அனுப்பி, "கொஞ்சம் சரிபார்த்தால் போதும்" என்று கால் பங்குக் கூலி பேசுகிறார்கள். அந்தப் பிரதியில் இருப்பது சரியா என்று ஒவ்வொரு வரியாக விசாரித்துத் திருத்துவதற்கு, புதிதாக எழுதுவதைவிட அதிக நேரம் ஆகிறது. அந்த வேலையை நேரக் கணக்கில் மட்டுமே ஒப்புக்கொள்ளுங்கள்.

மூன்று வரிகள் போதும்

பத்திரிகைகளின் நெருக்கடியை நான் அறியாதவள் அல்ல. 1941-இல் தொடங்கிய கல்கி, 2020-இல் அச்சை நிறுத்திவிட்டு இணையத்துக்குப் போனது. காகித விலையும் விளம்பரச் சரிவும் எல்லோரையும் அழுத்துகின்றன. அதனால் இவ்வளவுதான் தர வேண்டும் என்று நான் ஒரு தொகையைச் சொல்லவில்லை. உங்களால் முடிந்ததைத் தாருங்கள். ஆனால் அதை முன்பே சொல்லுங்கள். குறைவாகத் தரும் இதழுக்கும் எழுத ஆட்கள் வருவார்கள், தெரிந்தே வருவார்கள்.

ஆசிரியர்களிடம் நான் கேட்பது மூன்று வரிகள். வெளியார் கட்டுரைக்கு எங்கள் சன்மானம் இவ்வளவு. அனுப்பிய யோசனைக்கு இத்தனை நாளுக்குள் பதில் தருவோம், இல்லை என்றால் வேறு இடத்துக்கு அனுப்பலாம். வெளியான இத்தனை நாளுக்குள் பணம் வந்து சேரும். இதழின் முகவரி அச்சிடும் இடத்தில் இந்த மூன்று வரிகளுக்கு இடம் இருக்கிறது.

எழுதுகிற தோழர்களிடம் கேட்பது ஒன்று. நீங்கள் வாங்கும் தொகையை உங்களுக்குப் பின்னால் வரும் பெண்ணிடம், பையனிடம் மறைக்காமல் சொல்லுங்கள். நான் சொல்கிறேன், கேட்கிற எல்லோருக்கும். இதனால் என் வாய்ப்பு எதுவும் குறையவில்லை. நாலு பேருக்குத் தெரிந்த தொகையை யாராலும் எளிதில் குறைக்க முடிவதில்லை.

இதை எல்லா இதழ்களுக்கும் சொல்லிவிட்டு, இதை வெளியிடும் நாளிதழுக்குச் சொல்லாமல் விட்டால் அது நேர்மை ஆகாது. இந்தப் பக்கத்துக்கு எழுதுகிறவருக்கு என்ன தருகிறீர்கள், எப்போது தருகிறீர்கள் என்பதை அடுத்த வாரமே இங்கே அச்சிடுங்கள். ஒரு நாளிதழ் தொடங்கினால் மற்றவர்கள் பேசாமல் இருக்க முடியாது.